சாய்வு ரேஸரில் முதல் சவரம்: முழுமையான வழிகாட்டி

அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருந்தபோது குளியலறை அலமாரியில் இருந்த ரேஸரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இதைக் கீழே போட்டுட்டீங்களா? தலை கோணிக்கிட்டு இருக்கே" என்றான். அது கோணவில்லை, அதன் அமைப்பே அப்படித்தான். இணையக் கடைகளில் ‘ஸ்லான்ட்’ என்று தேடினால் கிடைக்கும் சாய்வு ரேஸர் அது. ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து மெர்குர் நிறுவனம் செய்யும் 37சி, 39சி இரண்டும் இந்த வகையில் அதிகம் பேசப்படுபவை.

இதில் போடுவது நாம் பெட்டிக்கடையில் வாங்கும் அதே இருபுற பிளேடுதான். திருகை இறுக்கும்போது ரேஸரின் தலை அந்த பிளேடை லேசாக முறுக்குகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது ஒரு கை ஒரு பக்கமும் மறுகை மறுபக்கமும் திருகுமே, அது போல, ஆனால் மிகச் சிறிய அளவில். இதனால் பிளேடின் விளிம்பு முடியை நேராக மோதாமல் சாய்வாகச் சந்திக்கிறது. அரிவாள்மனையில் வாழைத்தண்டை அமுக்கி வெட்டுவதற்கும் இழுத்து அரிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தவிர, முறுக்கேறிய பிளேடு விறைப்பாகிவிடுவதால் அடர்ந்த தாடியிலும் அதிராமல் ஓடும்.

நான்கைந்து பேருக்கு இதைக் கையில் கொடுத்துப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். ரேஸர் தானாகச் செய்யும் வேலையைத் தங்கள் கையும் சேர்ந்து செய்யப் பார்த்தார்கள். சாய்வு ரேஸரிலேயே இருக்கிறது, கையில் வேண்டாம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைப் பழக்குவதற்கான வரிசைதான்.

1. இப்போது எடுக்கலாமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா

சாதாரண இருபுற பிளேடு ரேஸரில் ஒரு மாதமாவது கை பழகியிருக்க வேண்டும். இரண்டு மூன்று பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜிலிருந்து நேராக இதற்குத் தாவாதீர்கள். கார்ட்ரிட்ஜின் தலை முகத்தின் வளைவுக்கு ஏற்பத் தானே அசைந்து கொடுக்கும், அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். அந்த அழுத்தும் பழக்கம் கையில் இருக்கும்வரை சாய்வு ரேஸர் தோலைக் கிழிக்கும்.

முகத்தில் சீழ்ப்பரு இருந்தால் அது ஆறட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புது ரேஸர் எதையும் முயல வேண்டாம். சுருள் தாடி உள்ளவர்களுக்கும், சவரம் செய்த இரண்டாம் நாளே கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மிக ஒட்டச் சவரம் செய்வதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். தோலுக்கு அடியில் வெட்டுப்பட்ட சுருள்முடி வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே வளைகிறது. இந்த ரேஸர் ஒட்டவே வெட்டும். அதனால் நீங்கள் ஒரே ஒரு தடவை, முடி வளரும் திசையில் மட்டும் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ரேஸர், பிரஷ், சோப்பு அல்லது க்ரீம், படிகாரக் கல், சுத்தமான துண்டு, நல்ல வெளிச்சம். இவற்றில் பிளேடையும் தண்ணீரையும் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

புது ரேஸர் வந்ததும் கூடவே புது பிளேடும் வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். இதுவரை பழைய ரேஸரில் எந்த பிளேடு உங்கள் தோலுக்கு ஒத்துவந்ததோ, செவன் ஓ கிளாக்கோ சூப்பர்மேக்ஸோ, அதையே போடுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஜப்பானின் ஃபெதர் போன்ற மிகக் கூர்மையான பிளேடுகள் இரண்டாம் மாதம்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். சாய்வு ரேஸரில் சாதுவான பிளேடுகூட ஒரு படி கூர்மையாக நடந்துகொள்ளும்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக வரும் வீடுகளில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும், வழுக்கல் போய்விடும். வழுக்கல் இல்லாமல் இந்த ரேஸரை வைக்கவே கூடாது. குடிக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக் கொஞ்சம் சூடாக்கி, நுரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முகம் கழுவ, ரேஸர் அலச எந்தத் தண்ணீரும் போதும். சவரம் சரியாக வரவில்லை என்று ரேஸரைக் குறை சொன்ன என் மச்சானுக்கு, தண்ணீரை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

3. முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தடவிப் பாருங்கள்

இதைச் சவரத்துக்கு முந்தின நாளே செய்ய வேண்டும். முகம் காய்ந்திருக்க, ஒன்றரை இரண்டு நாள் தாடி இருக்க, விரல் நுனியால் ஒவ்வொரு இடமாக நான்கு திசையிலும் தடவுங்கள். வழவழவென்று போகும் பக்கம் முடி வளரும் திசை. சொரசொரவென்று தடுக்கும் பக்கம் எதிர்த்திசை.

கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். அதை நம்பிக் கழுத்திலும் அப்படியே என்று நினைப்பதுதான் தவறு. தாடைக்குக் கீழே பலருக்குக் கீழிருந்து மேலாகவும், சிலருக்குக் காதுப் பக்கமிருந்து தொண்டை நோக்கிக் குறுக்காகவும் வளரும். எனக்குக் கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் சுழியே இருக்கிறது. முப்பது வயதுவரை அது எனக்குத் தெரியாது, அந்த இடம் மட்டும் ஏன் எப்போதும் சிவக்கிறது என்று புரியாமல் இருந்தேன்.

ஒரு தாளில் முகம் மாதிரி வரைந்து அம்புக்குறி போட்டு வையுங்கள். நுரை பூசியபின் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது.

4. பிளேடை மாட்டுவது

சாதாரண ரேஸரில் பிளேடு கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலும் சமாளித்துவிடலாம். இதில் விலகினால் ஒரு பக்கம் வெட்டாது, மறுபக்கம் தோலைக் கடிக்கும். அதனால் இந்தப் படியை அவசரமாகச் செய்யக் கூடாது.

மேல்மூடியைக் கவிழ்த்து மேசைமேல் வையுங்கள். பிளேடைக் கூர் இல்லாத இரண்டு குட்டை ஓரங்களில் மட்டும் பிடித்து வையுங்கள். அதன்மேல் அடித்தட்டை வைத்ததும் சரியாகப் பொருந்தாதது போல, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தெரியும். பயப்பட வேண்டாம், பிளேடு இன்னும் முறுக்கேறவில்லை. ரேஸரின் குட்டைப் பக்கங்கள் இரண்டையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அமுக்கிக்கொண்டே, மறுகையால் கைப்பிடியையோ அடித்திருகையோ மெதுவாக இறுக்குங்கள். கடைசிச் சுற்றில் பிளேடு வளைவது கைக்குத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். இந்த ரேஸர்களில் பலவற்றின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசியது. பலங்கொண்ட மட்டும் திருகினால் மரை உடைந்துபோகும்.

அடுத்து ஒரு சோதனை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ரேஸரைப் பிடித்து, பிளேடின் விளிம்புக்கும் அதன் கீழுள்ள தட்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுக்கமாகவும் இருக்கும். அது சரிதான். இப்போது கைப்பிடியை அரைச்சுற்று திருப்பி மறுபக்கத்தைப் பாருங்கள். அதே காட்சி தெரிய வேண்டும். முதல் பக்கத்தில் இடது முனை அகலமாக இருந்தால் இங்கேயும் இடது முனைதான் அகலமாக இருக்க வேண்டும், அளவும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். எனக்கே சில நாள் இரண்டாம் தடவைதான் சரியாக உட்காரும்.

5. ஊறவைப்பதும் நுரையும்

குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது நல்லது. முடியலையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். காய்ந்த முடி கம்பி போல் எதிர்க்கும், தண்ணீர் குடித்த முடி இளகிக் கொடுக்கும். சலூனில் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார்களே, அந்தக் காரணம்தான்.

பிரஷை நனைத்து, உதறி, சோப்பில் அரை நிமிடம் சுழற்றி முகத்திலேயே நுரையுங்கள். குமிழ் குமிழாக, பஞ்சு மாதிரி உயர்ந்து நின்றால் அது பார்க்கத்தான் அழகு, காற்றுதான் அதிகம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போங்கள். குமிழ் அடங்கி, கடைந்த தயிர் போல மினுமினுப்பு வரும். அதில் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேய்த்தால் விரல்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்க வேண்டும். பிடித்தால் இன்னும் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம்.

6. பிடி, கோணம், அழுத்தம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கைப்பிடியை நேராகப் பிடியுங்கள். தலை கோணலாகத் தெரிவதால் கை தன்னையறியாமல் கைப்பிடியைச் சாய்த்து அதை நேராக்கப் பார்க்கும். கண்ணாடியில் பார்க்கும்போது இந்த ஆசை இன்னும் அதிகமாகும். ஒரு பக்கமாகச் சாய்த்தால் ரேஸரில் உள்ள சாய்வு அழிந்துபோகும், பிறகு அது வெறும் சாதாரண ரேஸர். மறுபக்கமாகச் சாய்த்தால் சாய்வு இரட்டிப்பாகும், பிளேடு தோலின்மேல் கத்தி போல நீளவாக்கில் நழுவ ஆரம்பிக்கும், அங்கேதான் வெட்டு விழும். கைப்பிடி நீளும் திசையும் ரேஸர் இறங்கும் பாதையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். தலையைப் பார்க்கவே வேண்டாம்.

கோணம் பிடிக்க எளிய வழி: முதலில் மேல்மூடி மட்டும் கன்னத்தில் படும்படி, கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். அப்போது பிளேடு தோலைத் தொடாது. இனி கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே சிறிது நகர்த்துங்கள். முடி வெட்டும் சத்தம் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி. அதற்கு மேல் இறக்கினால் பிளேடு தோலைச் சுரண்டும்.

அழுத்தம் வேண்டாம். ரேஸரின் எடையே போதும். எல்லோரும் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், இரண்டாவது இழுப்பிலேயே அழுத்துவார்கள். ஏன் என்று எனக்குப் புரிய நாளானது. சாதாரண ரேஸர் முடியை வெட்டும்போது ஒரு சின்ன இழுவை கைக்குத் தெரியும். அந்த இழுவையை வைத்துத்தான் ‘வெட்டுகிறது’ என்று கை நம்புகிறது. சாய்வு ரேஸரில் அந்த இழுவை மிகக் குறைவு. எதுவும் நடக்காதது போலத் தோன்றும். உடனே கை அழுத்துகிறது. என் மச்சான் முதல் நாள் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "வெட்டவே மாட்டேங்குதே" என்று என்னைப் பார்த்தார். நுரையைத் துடைத்துத் தடவச் சொன்னேன். அந்தப் பட்டை மட்டும் குழந்தைக் கன்னம் மாதிரி இருந்தது. கையை நம்பாதீர்கள், ஒரு இழுப்பு முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்து நம்புங்கள்.

அழுத்தாமலிருக்க ஒரு உபாயம்: கைப்பிடியின் அடிமுனைக்கு அருகில் மூன்று விரலால் லேசாகப் பிடியுங்கள். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் அழுத்தம் நேராகப் பிளேடுக்குப் போகும். அடியில் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது.

இன்னொன்று, பக்கவாட்டு அசைவு கூடவே கூடாது. முகத்தில் ரேஸர் படும்போது அது இழுப்பின் திசையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முகத்தைவிட்டு விலகியிருக்க வேண்டும். வைத்துவிட்டு யோசிப்பது, நகர்த்தி இடம் பார்ப்பது இரண்டும் ஆபத்து.

7. முதல் சவரம்: எந்த இடம் முதலில்

அலுவலகம் போகும் காலையில் வேண்டாம், கல்யாணத்துக்கு முந்தின நாளும் வேண்டாம். இரவில் செய்யுங்கள். அவசரம் இருக்காது, தோலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

முதல் நாள் இரண்டு கன்னங்களை மட்டும் சாய்வு ரேஸரில் செய்து, மீதியைப் பழைய ரேஸரில் முடித்துவிடுங்கள். கன்னம் தட்டையானது, அகலமானது. கை கோணத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் முகத்தில் இல்லை. காதோரத்தில் தொடங்கி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்புகள். மூன்று நான்கு இழுப்புக்கு ஒரு தடவை ரேஸரைத் திருப்பி மறுவிளிம்பைப் பயன்படுத்துங்கள், இரண்டும் நிறைந்ததும் அலசுங்கள். மறுகையால் காதோரத் தோலை லேசாக மேலே இழுத்துக்கொள்ளலாம். விறைக்க விறைக்க இழுக்க வேண்டாம். அப்படி இழுத்தால் முடி வெளியே துருத்தி வெட்டுப்படும், விட்டதும் தோலுக்குள் போய்விடும்.

இரண்டாவது, மூன்றாவது சவரத்தில் கழுத்தைச் சேருங்கள். இங்கே தாளில் போட்ட அம்புக்குறிதான் வழிகாட்டி. குரல்வளை மேட்டின்மேல் நேராக ஓட்டாமல், அந்தத் தோலை விரலால் ஒரு பக்கமாக நகர்த்தி, தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து வெட்டுங்கள்.

மோவாயும் மேலுதடும் கடைசி. இரண்டு காரணம். அங்கே முடி தடிமன், அதனால் அதிக நேரம் ஊற வேண்டும். மேலும் இடம் குறுகல், கை பழகியிருக்க வேண்டும். மேலுதட்டைப் பல்லின்மேல் கீழாக இழுத்து மடக்கிக்கொண்டு, மூக்கடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் இழுப்புகள். நுரை இல்லாத இடத்தில் ரேஸர் மறுபடி போகக் கூடாது. விட்டுப்போன முடி தெரிந்தால் கொஞ்சம் நுரை தடவிவிட்டுப் போங்கள்.

முதல் வாரம் முழுக்க ஒரே தடவை, முடி வளரும் திசையில் மட்டும். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சும், மிஞ்சட்டும்.

8. படிகாரம்

குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு, படிகாரக் கல்லை நனைத்து முகம் முழுக்க ஒரு தடவை ஓட்டுங்கள். சின்ன ரத்தப்பொட்டுகள் நின்றுவிடும். ஆனால் நான் அதைச் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. படிகாரம் பட்டதும் எங்கே எரிகிறது என்று கவனியுங்கள். எங்கே அழுத்தினீர்களோ, எங்கே கோணம் தவறியதோ, அங்கேதான் எரியும்.

எனக்கு முதல் பத்து நாள் வலது தாடையெலும்பின் ஓரமாக ஒரு கோடு போட்டது போல எரிந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் அங்கே சிவப்புக்கூட இல்லை. அடுத்த நாள் கவனித்தபோதுதான் தெரிந்தது, கன்னத்திலிருந்து தாடை திரும்பும் இடத்தில் மணிக்கட்டை வளைக்காமல் கையை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தேன். எலும்பின்மேல் கோணம் கூடிவிட்டது. தாடைக்கு அரை சென்டிமீட்டர் முன்பே இழுப்பை நிறுத்தி, தோலைக் கன்னத்துக்கு ஏற்றிக்கொண்டு தொடர்ந்தேன், இரண்டு நாளில் அந்தக் கோடு மறைந்தது.

அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள், நேரம் போனால் தோல் வறண்டு இழுக்கும். பிறகு வாசனை கலக்காத ஏதாவது ஈரப்பதக் க்ரீம். எரிச்சல் இருக்கும் நாளில் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் வேண்டாம்.

9. இரண்டாவது வாரத்திலிருந்து

படிகாரம் எரியாமல் மூன்று சவரம் தொடர்ந்து முடிந்தால், இரண்டாம் தடவையைச் சேருங்கள். மறுபடி நுரை பூசி, இந்த முறை முடி வளரும் திசைக்குக் குறுக்காக. பெரும்பாலானவர்களுக்கு இந்த ரேஸரில் இதுவே போதும். எதிர்த்திசையில் செய்தே தீர வேண்டும் என்றால், ஒரு மாதம் கழித்துக் கன்னத்தில் மட்டும் முயலுங்கள். கழுத்தில் எதிர்த்திசை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வழவழப்பு ஒரு நாள்தான் நிற்கும், உள்ளே வளைந்த முடி ஒரு வாரம் படுத்தும்.

ரேஸர் முடியைப் பிடித்து இழுத்தால் முதலில் நுரையைச் சந்தேகியுங்கள், அடுத்து பிளேடு எத்தனை சவரம் ஆனது என்று எண்ணுங்கள். நான்கைந்துக்கு மேல் ஓட்டாதீர்கள். ஒரு பக்க விளிம்பு மட்டும் கடித்தால் நான்காம் படியில் சொன்ன வெளிச்சச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் அது கைப்பிடி சாய்வதால்தான். கைக்கு எட்டாத பக்கத்தில் நம்மை அறியாமலே மணிக்கட்டு திரும்பும்.

10. கழுவுவதும் பிளேடைக் கழிப்பதும்

சவரம் முடிந்ததும் திருகை அரைச்சுற்று தளர்த்தி, ஓடும் தண்ணீரில் அலசி, உதறி, நிற்கவைத்துக் காயவிடுங்கள். பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள். விளிம்பின் மேற்பூச்சு போய்விடும், விரலும் வெட்டுப்படும். உப்புத்தண்ணீர்க் கறை படிந்தால் பழைய டூத் பிரஷும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் போதும். எலுமிச்சையிலோ வினிகரிலோ ராத்திரி முழுக்க ஊறவைத்தால், குரோம் எங்காவது கீறியிருந்தால் உள்ளே இருக்கும் உலோகத்தை அமிலம் அரித்துவிடும்.

ஒருவர் போட்ட பிளேடை இன்னொருவர் தொடக் கூடாது, அண்ணன் தம்பியாக இருந்தாலும். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியே பரவுபவை, கண்ணுக்குத் தெரியாத துளி போதும். ரேஸரை ஆசையாகக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், ஆனால் கழுவிக் கொடுத்து, புது பிளேடையும் கொடுங்கள். ஊருக்கு விமானத்தில் போவதானால் பிளேடைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள்.

தேய்ந்த பிளேடைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போடும் பழக்கம் நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் வெறுங்கையை அதற்குள் விடுகிறார். மூடியோடு கூடிய ஒரு தகர டப்பாவை எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பிளேடு என்றாலும் அது நிறைய ஆண்டுக்கணக்காகும். நிறைந்ததும் கீறலையும் டேப்பால் மூடி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள்.